சதவீதத்துக்குள் வராத காயம்

மோட்டார் வாகன விபத்து வழக்கில் சாட்சிக் கூண்டேறும் மருத்துவரிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது ஒரே ஓர் எண்ணை. ஊனம் எத்தனை சதவீதம்? முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, கால் எத்தனை சென்டிமீட்டர் குட்டை, எத்தனை விரல் போயிற்று என்று அளந்து பார்த்து அந்த எண்ணைச் சொல்லிவிடலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் குறைக்கப் பார்ப்பார். தீர்ப்பாயம் எங்கோ நடுவில் வந்து நிற்கும். ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, வியர்வை, சிறுநீர்ப்பை, குடல் இவற்றையெல்லாம் நம்மைக் கேட்காமலே நடத்திவரும் தானியங்கு நரம்பு மண்டலம் அடிபட்டிருந்தால் கதை வேறு. அந்தச் சேதம் எக்ஸ்ரேயில் தெரியாது. புறநோயாளிப் பிரிவில் படுக்கவைத்துப் பார்க்கும் பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் அது தலைகாட்டாது.

இந்தியத் தீர்ப்பாயங்களில் இந்தச் சேதம் மதிப்பிடப்படும் விதம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? ஒரு வகை நோயாளிக்கு இருக்கும் உயிராபத்தையே அது கவனிக்கத் தவறுகிறது. இன்னொரு வகையில், ஆதாரம் முற்றாத முடிவுகள் சான்றிதழில் ஏறவும் இடம் கொடுக்கிறது. இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். நேரத்துக்கு நேரம் மாறும் ஒரு கோளாறை, ஒரே நாளில் ஒரே எண்ணாகப் பிடித்துவிட முடியும் என்று அது நம்புகிறது.

ஐயத்துக்கு மிகக் குறைவாக இடமுள்ள தண்டுவடக் காயத்திலிருந்து தொடங்குகிறேன். ரத்தக் குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்பின் மேல்பகுதியிலிருந்தும் கிளம்புகின்றன. மார்பு முள்ளெலும்பு வரிசையில் ஆறாவது மட்டத்திலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அறுபட்டால், வயிற்று உறுப்புகளின் பெரிய ரத்தக் குழாய்த் தொகுதி மூளையின் கட்டுப்பாட்டை விட்டுப் போய்விடும். எழுந்து உட்கார்ந்தால் அழுத்தம் சரிந்து கண் இருளும். அதைவிடப் பெரிய ஆபத்து எதிர்த்திசையில் வருவது. அதற்கு ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்று பெயர்.

நடப்பது இதுதான். நான்காம் மார்பு மட்டத்தில் அடிபட்ட ஒருவர் இரவில் தூங்குகிறார். யூரின் ட்யூப் தொடைக்கு அடியில் மடிந்துகொள்கிறது. சிறுநீர்ப்பை நிரம்புவது அவருக்குத் தெரியாது. தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்குத் தெரியும். கீழே உள்ள ரத்தக் குழாய்கள் ஒட்டுமொத்தமாகச் சுருங்குகின்றன. வழக்கமாக 100-ஐ ஒட்டி இருக்கும் அவருடைய மேல் அழுத்தம் 200-ஐத் தொடுகிறது. மண்டை தெறிக்கும் தலைவலி. முகமும் கழுத்தும் சிவந்து வியர்வை கொட்டுகிறது. கீழ் உடம்பு வெளிறிச் சில்லிட்டுக் கிடக்கிறது. தலைக்கு மேல் ஏறிய அழுத்தத்தை உணரும் மூளையால், தன் கையில் மிச்சமிருக்கும் வேகஸ் நரம்பு வழியாக இதயத்தை மட்டும் மெதுவாக்க முடிகிறது. மனைவியோ மகனோ விழித்து, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, ட்யூபை நேராக்கினால் சில நிமிடங்களில் அழுத்தம் இறங்கிவிடும். யாரும் விழிக்காவிட்டால் வலிப்பு, மூளையில் ரத்தக்கசிவு, மரணம் என்று எதுவும் நடக்கலாம். மறுநாள் காலை மருத்துவ வாரியத்தின் முன் அவர் உட்காரும்போது அழுத்தம் 104-க்கு 66 என்று காட்டும். குறுக்கு விசாரணையில் கேள்வியும் தயாராக இருக்கும்: “நீங்க பரிசோதிச்சப்போ பி.பி. நார்மலாத்தானே இருந்துச்சு டாக்டர்?” ஆமாம் என்பதைத் தவிர மருத்துவர் வேறென்ன சொல்ல முடியும்? பதில் உண்மை, அதிலிருந்து எடுக்கப்படும் முடிவு பொய்.

இதற்கு ஒரு மருத்துவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. உலகம் முழுவதும் தண்டுவடக் காயத்தை அளக்கும் ஏ.எஸ்.ஐ.ஏ. அளவுகோலே இதை விட்டுவிட்டுத்தான் கட்டப்பட்டது. தசை பலத்துக்கு 100 மதிப்பெண், தொடு உணர்ச்சிக்கு 112, குத்தும் உணர்ச்சிக்கு 112, இவற்றை வைத்து ஏ முதல் ஈ வரை ஒரு தரம் என்பது அதன் கணக்கு. தானியங்கு நரம்புகளுக்கு அதில் மதிப்பெண்ணே இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட, தானியங்குச் செயல்பாட்டைப் பதிவுசெய்யும் சர்வதேசப் படிவம் ஒன்று 2009-இல் வெளியிடப்பட்டு, 2012-லும் 2021-லும் திருத்தப்பட்டது. இதயம், ரத்த அழுத்தம், வியர்வை, உடல்வெப்பம், சுவாசம், சிறுநீர்ப்பை, குடல், பாலியல் செயல்பாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் படிவம் அது. வழக்குக் கட்டுகளில் ஏ.எஸ்.ஐ.ஏ. தரம் இருந்தும் இந்தப் படிவம் இல்லையென்றால், அந்த மதிப்பீடு பாதியில் நின்ற வேலை. தசையும் உணர்ச்சியும் முழுதாகப் போன ஒருவருக்குத் தானியங்கு இழைகள் ஓரளவு பிழைத்திருக்கலாம். அதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்க முடியாது.

‘தானியங்கு நரம்புப் பரிசோதனை செய்தோம், முடிவு இயல்பு’ என்று எழுதிய அறிக்கை கையில் இருந்தால் என்ன செய்வது? இங்கேதான் நீதிமன்றம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பரவலாகக் கையாளப்படும் பரிசோதனைத் தொகுப்பு, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஈவிங்கும் கிளார்க்கும் சர்க்கரை நோயாளிகளுக்காக வகுத்தது. அதில் ஐந்து சோதனைகள். மூச்சை ஊதி 40 மில்லிமீட்டர் அழுத்தத்தில் 15 விநாடி நிறுத்துவது ஒன்று. கழுத்தில் தண்டுவடம் அறுபட்டவருக்கு அப்படி ஊதுவதற்கு வேண்டிய வயிற்றுத் தசைகள் இயங்காது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பது இன்னொன்று. விரல்களுக்கே பலம் இல்லாதவரிடம் அதைச் செய்ய முடியாது. எழுந்து நின்று நாடித்துடிப்பைப் பார்ப்பதும், எழுந்து நின்று ரத்த அழுத்தத்தைப் பார்ப்பதும் அடுத்த இரண்டு. நிற்க முடியாதவரிடம் இவை இரண்டும் அடிபட்டுப்போகும். மிஞ்சுவது, ஆழமாக மூச்சுவிடும்போது நாடி ஏறி இறங்குவதைக் கணக்கிடும் ஒன்றே ஒன்று. அது வேகஸ் நரம்பைச் சோதிப்பது. வேகஸ் மூளைத்தண்டிலிருந்து நேராக இறங்குகிறது. தண்டுவடக் காயம் அதைத் தொடவே இல்லை. ஆகவே அந்தச் சோதனை இயல்பாக வருவதில் வியப்பில்லை. சேதமான பகுதியைச் சோதிக்காமலே ‘இயல்பு’ என்று எழுதிய அறிக்கை அது. எந்தச் சோதனை செய்யப்பட்டது, எது செய்ய முடியாமல் விடப்பட்டது என்று தனித்தனியாகச் சொல்லாத அறிக்கைக்குச் சான்று மதிப்பு தரக்கூடாது.

பொருத்தமான சோதனைகள் இல்லாமலும் இல்லை. படுத்த நிலையிலிருந்து தூக்கி உட்காரவைத்து மூன்று நிமிடம் அழுத்தத்தைத் தொடர்ந்து குறித்தாலே சரிவு தெரியும். மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் அது ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. இருபத்துநான்கு மணி நேர ரத்த அழுத்தக் கருவியைக் கட்டி, எப்போது ட்யூப் மாற்றினார்கள், எப்போது மலம் கழிக்க வைத்தார்கள் என்று வீட்டாரையே நேரம் குறிக்கச் சொன்னால், ஏற்றமும் அதன் காரணமும் ஒரே தாளில் வந்துவிடும். இதைவிட வலுவானதும் ஒன்று உண்டு. தண்டுவடம் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை பராமரிப்புக்காக யூரோடைனமிக் சோதனை எப்படியும் செய்கிறார்கள். சிறுநீர்ப்பைக்குள் நீரை மெதுவாக நிரப்பி உள் அழுத்தத்தை அளப்பது அது. அந்த நேரத்தில் கையில் ஒரு பி.பி. கருவியையும் கட்டிவைத்தால் போதும். சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்ப ரத்த அழுத்தம் ஏறி, காலி செய்ததும் இறங்குவது மருத்துவர் கண்ணெதிரிலேயே பதிவாகும். வழக்கமான அளவிலிருந்து 20 முதல் 40 மில்லிமீட்டர் ஏறினாலே டிஸ்ரிஃப்ளெக்சியா என்று கொள்ளலாம். இதற்குத் தனிச் செலவு இல்லை. அப்படியிருந்தும் இதைச் செய்யாமல் விடுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

காப்பீட்டுத் தரப்பு ஒரு கேள்வி கேட்கலாம், அது நியாயமான கேள்வியும்கூட. ட்யூபை வேண்டுமென்றே அடைத்து மனுதாரரே அழுத்தத்தை ஏற்றிக்கொண்டால்? அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. சக்கர நாற்காலி விளையாட்டு வீரர்கள் சிலர் போட்டியில் வேகம் கூட்டுவதற்காகவே இதைச் செய்தார்கள். ‘பூஸ்டிங்’ என்று பெயர் பெற்ற அந்தப் பழக்கத்தைச் சர்வதேசப் பாராலிம்பிக் குழு உயிராபத்து என்பதால் தடைசெய்திருக்கிறது. ஆனால் இந்த வாதம் காப்பீட்டு நிறுவனத்துக்கு உதவாது. நல்ல தண்டுவடம் உள்ள ஒருவர் எத்தனை மணி நேரம் சிறுநீரை அடக்கினாலும் அழுத்தம் அப்படி எகிறாது. தூண்டிவிட்டால் ஏறுகிறது என்பதே கோளாறு இருப்பதற்கு நிரூபணம். பொய் சொல்ல வாய்ப்பிருப்பது, எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கையில்தான். அதைச் சரிபார்க்க வீட்டுக் குறிப்பேடும் மருத்துவமனைப் பதிவுகளும் இருக்கின்றன.

சட்டத்தின் பக்கம் வந்தால், அதன் கொள்கை மருத்துவச் சான்றிதழைவிட முன்னேறியிருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை கட்டைவிரல் போனால் 30 சதவீதம் என்கிற மாதிரி வரிசை வரிசையாகச் சொன்னது. வெட்டுப்பட்ட உறுப்புகளின் பட்டியல் அது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் 2018 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்த வழிகாட்டுதலில் சிறுநீர்ப்பைக் கட்டுப்பாட்டு இழப்புக்குப் படிநிலைகள் இருந்தன. ரத்த அழுத்தம் தாறுமாறாவதற்கு அப்படியொரு படிநிலை இருக்கவில்லை. இரண்டு ஊனங்களைச் சேர்க்க அதில் ஒரு வாய்பாடும் இருந்தது. 60-ம் 30-ம் சேர்ந்தால் 90 ஆகாது; 90-இலிருந்து 60-ஐக் கழித்து, மீதியை 30-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 10; ஆக மொத்தம் 70. நலத்திட்டங்களுக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் தகுதி காண இந்தக் கணக்கு போதும். உயிராபத்து உள்ள ஒரு நிலையை ஏற்கெனவே உயர்ந்திருக்கும் எண்ணோடு சேர்த்தால், அது வாய்பாட்டுக்குள் கரைந்து காணாமல் போய்விடும்.

உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில், நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய தீர்ப்பில், இந்த எண் வழிபாட்டுக்குத் தடை போட்டது. உடல் ஊனத்தின் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழந்த சதவீதமும் ஒன்றல்ல என்றது. இடக்கை போனவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் இழப்பு ஏறத்தாழ நூறு சதவீதம். அரசு எழுத்தராக இருந்தால் வேலையே போகாமல் இருக்கலாம் என்று எடுத்துக்காட்டியது. தீர்ப்பாயம் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, மருத்துவரைக் கேள்வி கேட்க வேண்டும், ஐயம் வந்தால் மருத்துவ வாரியத்துக்கு அனுப்பலாம், கேட்டதும் கிடைக்கும் சான்றிதழ்களை எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்றெல்லாம் சொன்னது. தானியங்கு நரம்புச் சேதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சட்டக் கருவி வேண்டியதில்லை. தகரக் கூரைக்கடியில் தையல் கடை வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். கழுத்துக் காயத்துக்குப் பின் மார்புக்குக் கீழே அவருக்கு வியர்ப்பதில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் உடம்புச் சூடு இறங்க வழியில்லாமல் அவர் அந்தக் கடையில் உட்காரவே முடியாது. கை ஓரளவு வேலை செய்கிறது என்ற காரணத்தால் சான்றிதழ் எண்ணைக் குறைக்கலாம். கடை மூடியேதான் கிடக்கும்.

எண் எதையும் தானாகச் சொல்லிவிடாது என்பதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு அங்கே மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தெடுத்தார். எந்த அட்டவணையும் அவருக்கு மிகப் பெரிய சதவீதத்தையே கொடுத்திருக்கும். அவர் வேலை செய்தது, அவருக்கேற்ற மேசையும் உதவியாளர்களும் சக ஊழியர்களும் இருந்ததால். ஆகவே மதிப்பீட்டில் எழுத வேண்டியது, இந்த மனிதருக்கு இந்த வேலை, இந்த இடம், இந்த உதவி கிடைக்குமா என்பதை.

உதவியாளர் செலவும் இதில் சேரும். 2020-இல் வந்த ஒரு தீர்ப்பில், 12 வயதில் விபத்தில் மூளை சிதைந்த சிறுமிக்கு இரண்டு உதவியாளர்களுக்கு மாதம் தலா 5,000 ரூபாய் என்று கணக்கிட்டு, 18 என்ற பெருக்கியால் பெருக்கி 21,60,000 ரூபாய் கொடுத்தது உச்ச நீதிமன்றம். டிஸ்ரிஃப்ளெக்சியா உள்ளவருக்கும் அதே வாதம் பொருந்தும். தூக்கி உட்காரவைக்க மட்டும் அல்ல, ராத்திரி இரண்டு மணிக்கு ட்யூப் மடிந்ததைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் அவருக்குப் பக்கத்திலேயே வேண்டும். மருத்துவர் இதை எழுதாவிட்டால் நீதிபதிக்கு எப்படித் தெரியும்?

இதுவரை சொன்னதில் எனக்கு ஐயம் குறைவு. அடுத்த வகையில் கை தயங்குகிறது. எலும்பு முறிவுக்குப் பிறகு கையோ காலோ வீங்கி, நிறம் மாறி, வியர்த்து, தொட்டாலே துடிக்கும் வலி நிலைக்கு இப்போது சி.ஆர்.பி.எஸ். என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட சிப்பாய்களிடம் வேர் மிட்செல் 1864-லேயே இதை விவரித்திருக்கிறார். கண்டுபிடிக்க இன்று கையாளப்படுவது புடாபெஸ்ட் வரையறை. 2010-இல் வெளியான சரிபார்ப்பில், நோய் உள்ளவர்களில் 99 சதவீதம் பேரை அது பிடித்தது. வேறு நரம்புவலி உள்ளவர்களில் 68 சதவீதம் பேரையே சரியாக விலக்கியது. சிகிச்சைக்கு இது நல்ல கருவி. யாரும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள். வழக்குக்கு அது போதாது. வேறு வலி உள்ள மூவரில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்தப் பெயர் தவறாக விழும். ஆய்வாளர்களுக்கென்று உள்ள கடுமையான வடிவம் 79 சதவீதம் பேரைச் சரியாக விலக்குகிறது, உண்மை நோயாளிகளில் ஐந்தில் ஒருவரை இழக்கும் விலையில். மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் அசையாமல் வைத்த ஆரோக்கியமான கையிலும் வெப்ப வேறுபாடும் உணர்ச்சி மாற்றமும் வரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் தீர்மானம் இது: வலி சொல்லப்படுவது மட்டும் போதாது, வீக்கம், நிறம், வெப்ப வேறுபாடு, வியர்வை ஆகியவற்றைச் சிகிச்சை செய்த மருத்துவர் வழக்குத் தொடங்கும் முன்பே வெவ்வேறு நாட்களில் எழுதிவைத்திருந்தால் ஏற்கலாம். சான்றிதழ் கேட்டு வந்த நாளில் முதல்முறையாக எழுதப்பட்டிருந்தால் அது பலவீனமானது.

மூன்றாவது வகை இன்னும் வழுக்கும். தலையில் லேசான அடி, ஸ்கேன் சுத்தம், ஆனால் எழுந்து நின்றால் படபடப்பு, தலைச்சுற்றல், மயக்கம். நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி 30-க்கு மேல் கூடி, ரத்த அழுத்தம் சரியாமல், தொந்தரவு மூன்று மாதமாவது நீடித்தால் அதைப் பாட்ஸ் என்கிறார்கள். 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு 40 கூட வேண்டும். எண் தெளிவாக இருக்கிறது, காரணம்தான் தெளிவாக இல்லை. பல வாரம் படுக்கையில் கிடந்த யாருக்கும் நாடி இப்படி ஓடும். ரத்தசோகை, நீர்ச்சத்துக் குறைவு, வலிக்காகக் கொடுத்த அமிட்ரிப்டிலின் ஆகியவையும் இதே படத்தைக் காட்டும். ஆகவே ஒரே ஒரு அளவை நம்பி விபத்தின் தலையில் பழியைப் போடுவதை ஏற்க மாட்டேன். மருந்துப் பட்டியல் சரிபார்க்கப்பட்டு, உடம்பு தேறிய பிறகு வேறொரு நாளில் மீண்டும் அளந்து, தொந்தரவு விபத்தை ஒட்டியே தொடங்கியது என்று அந்தக் காலத்துச் சீட்டுகளே காட்டினால், விபத்தே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற சிவில் வழக்கு அளவை அது தாண்டிவிடும். தீர்ப்பாயத்துக்கு அறிவியல் நிச்சயம் தேவையில்லை. முன்பே அந்த நாட்டம் இருந்தது என்பதும் மறுப்பாகாது. அடிபட்டவரை அவர் இருந்த நிலையிலேயே ஏற்க வேண்டும் என்பது இழப்பீட்டுச் சட்டத்தின் பழைய விதி.

கண்ணுக்குத் தெரியாத காயத்தில் தரப்புக்கொரு மருத்துவம் உருவாவது புதிதல்ல. ரயில் விபத்துக்குப் பின் நரம்புத் தளர்ச்சி அடைந்த பயணிகளைப் பற்றி லண்டனில் எரிக்ஸன் 1866-இல் புத்தகம் எழுதினார். தண்டுவடமே அதிர்ந்து பாதிக்கப்படுகிறது என்றார். ரயில்வே நிறுவனம் ஒன்றின் அறுவை மருத்துவரான ஹெர்பர்ட் பேஜ் 1883-இல் அதை மறுத்து, பலருக்கும் அது அச்சத்தின் விளைவு என்றார். இருவரும் தங்கள் நோயாளிகளை நேர்மையாகவே பார்த்திருக்கலாம். அளக்கும் வழி இருவரிடமும் இல்லை. நம்மிடம் இருக்கிறது. அதைக் கையாளாமல் நம்பிக்கையையோ சந்தேகத்தையோ மட்டும் வைத்து முடிவெடுப்பது இன்று மன்னிக்கக்கூடியது அல்ல.

ஆகவே தீர்ப்பு மூன்று வகைக்கும் ஒன்றாக இருக்க முடியாது. ஆறாம் மார்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் முழுதாக அடிபட்டிருப்பது எம்.ஆர்.ஐ.யிலும் உடல் பரிசோதனையிலும் உறுதியானால், தானியங்குச் சேதம் உண்டு என்ற அனுமானத்தில் தொடங்க வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு. சி.ஆர்.பி.எஸ்.ஸில் பொறுப்பு மனுதாரருக்கு, ஆனால் சிகிச்சைப் பதிவுகளே போதும். தலையில் அடிபட்ட பின் வரும் படபடப்பில் மறுபரிசோதனை இல்லாமல் எந்தப் பக்கமும் முடிவு கூடாது. எல்லாவற்றிலும் சதவீதத்தோடு, எந்த நிலையில் எந்த நேரத்தில் எந்த மருந்தோடு அளந்தார்கள் என்ற விவரம் சேர்ந்தே வர வேண்டும்.

காலத்தையும் சொல்ல வேண்டும். டிஸ்ரிஃப்ளெக்சியா முதல் அதிர்ச்சி நிலை விலகிய பிறகே, பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள், வெளிப்படுகிறது. இரண்டாம் மாதத்தில் வாங்கிய சான்றிதழில் அது இருக்காது. இறுதித் தீர்ப்புக்குப் பின் கூடுதல் தொகை கேட்டுத் திரும்பி வர மோட்டார் வாகனச் சட்டத்தில் வழியில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எனவே தண்டுவட வழக்குகளில் ஓராண்டு முடியும் முன் இறுதி மதிப்பீடு செய்யக் கூடாது. அதுவரை குடும்பத்துக்கு இடைக்காலத் தொகை கிடைக்க வேண்டும். அந்த ஓராண்டும் வீட்டில் யார் ட்யூபைப் பார்த்தார்களோ, யார் ராத்திரி எழுந்து பி.பி.யைக் குறித்தார்களோ, அவர்களைச் சாட்சியாக அழைத்து, அந்தக் குறிப்பேட்டைச் சான்றாவணமாகக் குறியீடு செய்ய வேண்டும்.